ஒரு பிடி மண்ணுக்காக: யாழ்ப்பாணத்து வகுப்பறையில் 'அன்ரிகனி'

2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி அரியாலை சிந்துபாத்தி மயானத்துக்குப் பொதுமக்கள் அழைக்கப்பட்டிருந்தார்கள். செம்மணி மனிதப் புதைகுழி என்று செய்திகளில் வரும் இடம் அது. எலும்புக்கூடுகளோடு மீட்கப்பட்ட பொருட்களை யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று பார்ப்பதற்காக, நீதிமன்ற உத்தரவின் பேரில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. நீலநிறப் புத்தகப் பை ஒன்று, பால் போத்தல், பொம்மை, காப்புகள், செருப்புகள். வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது: இதில் ஏதாவது எங்கட ஆளுடையதா? ஆம் என்றால், என்றோ ஒரு நாள் அந்த எலும்புகளைப் பொறுப்பெடுத்து முறைப்படி காரியம் செய்யலாம்.

இறந்தவரை அடக்கம் செய்யும் உரிமை யாருடையது, அதைத் தடுக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்கு உண்டா என்ற கேள்வியை ஏறத்தாழ 2,460 ஆண்டுகளுக்கு முன்னர் ஏதென்ஸ் நகரில் ஒரு நாடகம் கேட்டது. சொபோக்கிளிஸ் எழுதிய 'அன்ரிகனி' அது. க.பொ.த உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்தை எடுக்கும் எங்கள் பிள்ளைகள் கிரேக்க அரங்கைப் படிக்கிறார்கள். ஆனால், அது பெரும்பாலும் குறிப்பாகவே வந்து சேர்கிறது. துன்பியலின் கூறுகள் ஆறு, கோரஸின் பணிகள் இத்தனை, முகமூடியின் பயன்கள் இத்தனை என்று கொப்பியில் எழுதி, மனனம் செய்து, வினாத்தாளில் இறக்கிவைத்துவிட்டு வந்துவிடலாம். செயற்றிட்டம் கொடுத்தாலும் பிரிஸ்டல் போர்ட்டில் கிரேக்க அரங்கின் வரைபடம் ஒன்றோடு அது முடிந்துவிடுகிறது.

இந்த நாடகத்தை வேறுவிதமாகப் படிக்கலாம். அதற்குரிய சில மாணவர் செயற்றிட்டங்களையும், அவற்றைச் செய்யும்போது எங்கே கவனமாக இருக்கவேண்டும் என்பதையும் இந்தக் கட்டுரை விளக்குகிறது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டும் உரிய விடயம் இது என்று நான் நினைக்கவில்லை. ஒரு சனசமூக நிலையத்தில் பத்துப் பேர் கூடினாலும் செய்யக்கூடியவைதான் இவை.

கதைச் சுருக்கம்

தீப்ஸ் நகரத்தின் ஆட்சியுரிமைக்காகச் சகோதரர்கள் இருவர் மோதுகிறார்கள். எற்றியோகிளிஸ் நகரத்தைக் காத்து நிற்கிறான். பொலினைசிஸ் வேற்று நாட்டுப் படையோடு வந்து தன் சொந்த நகரத்தையே தாக்குகிறான். இருவரும் ஒருவர் கையால் ஒருவர் இறக்கிறார்கள். ஆட்சி அவர்களுடைய தாய்மாமன் கிரியோனிடம் வருகிறது. நகரத்தைக் காத்தவனுக்கு அரச மரியாதையோடு அடக்கம்; தாக்க வந்தவனின் உடல் நாய்க்கும் பறவைக்கும் என்று அவன் ஆணையிடுகிறான். அந்த உடலைப் புதைக்கவும் கூடாது, அதற்காக அழவும் கூடாது. மீறுபவருக்கு மரணம்.

இறந்தவர்களின் சகோதரி அன்ரிகனி இதை ஏற்கவில்லை. சேர்ந்து செய்வோம் வா என்று தங்கை இஸ்மினியை அழைக்கிறாள். அவள் பயந்து பின்வாங்க, அன்ரிகனி தனியே போய் உடலின் மீது உலர்ந்த மண்ணைத் தூவுகிறாள். காவலாளிகள் அந்த மண்ணைத் துடைத்துவிடுகிறார்கள். அவள் திரும்பவும் வருகிறாள், மண்ணைப் போட்டு மூன்று தரம் நீர்க்கடன் ஊற்றும்போது பிடிபடுகிறாள். அவளை மணக்க இருந்தவன் கிரியோனின் மகன் ஹீமொன். அவன் தந்தையோடு வாதாடிப் பார்க்கிறான். பலனில்லை. அவளைக் கற்குகையொன்றில் உயிரோடு அடைக்கிறார்கள்.

கண்பார்வையற்ற குறிசொல்லி ரைரேசியஸ் வந்து எச்சரித்த பின்னரே கிரியோன் மனம் மாறுகிறான். முதலில் உடலுக்குக் காரியம் செய்துவிட்டுக் குகைக்குப் போகிறான். அதற்குள் அன்ரிகனி தூக்கிட்டு இறந்துவிட்டாள். ஹீமொன் அவளருகில் தன்னைக் குத்திக்கொண்டு சாகிறான். செய்தி கேட்ட தாய் யூரிடிசியும் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். கிரியோன் மட்டும் உயிரோடு மிஞ்சுகிறான்.

நாடகம் சுமார் 1,350 வரிகள் கொண்டது. ஒரு வகுப்பு முறை வைத்து உரத்து வாசித்தால் இரண்டு மணிநேரத்துக்குள் முடித்துவிடலாம். எந்தச் செயற்றிட்டத்துக்கும் முன்னர் இந்த வாசிப்பு நடக்கவேண்டும். சுருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு செய்யும் செயற்றிட்டம் வெறும் அலங்காரமாகிவிடும்.

அந்நியமான கதை இல்லை

கிரேக்க நாடகம் எங்களுக்கு எட்டாத தூரத்தில் இருப்பதாக ஒரு எண்ணம் உண்டு. அந்த நாடகங்கள் எங்கே நடந்தன என்பதைப் பார்த்தால் தூரம் குறைந்துவிடும். ஏதென்ஸில் டயோனிசஸ் விழாவின்போது, நாடகங்கள் தொடங்குவதற்கு முன்னர், போரில் தகப்பனை இழந்து நகரத்தின் செலவில் வளர்ந்த பையன்கள் பருவம் வந்ததும் போர்க்கவசம் அணிந்து அரங்கில் அணிவகுத்தார்கள். பார்வையாளர்களில் ஏராளமானோர் போருக்குப் போய் வந்தவர்கள். சொபோக்கிளிஸும் ஒருமுறை தளபதியாகத் தெரிவானவர். போரால் அடிபட்ட ஒரு சமூகம் தன்னைத்தானே பார்த்துக்கொண்ட இடம் அந்த அரங்கு.

எங்களிடமும் அப்படியோர் அரங்கு இருந்தது. 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களோடு மேடையேறியது. தனியொரு கதாநாயகனை நம்பாமல், கூட்டமாக நின்று பாடியும் பேசியும் ஒரு சமூகத்தின் துயரைச் சொன்ன நாடகம் அது. கிரேக்கக் கோரஸின் பணி என்னவென்று கேட்கும் மாணவருக்குக் குறிப்பைவிட அந்த நாடகம் நன்றாக விடை சொல்லும். சண்முகலிங்கம் பின்னர் எழுதிய 'அன்னை இட்ட தீ' போர் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களைப் பேசியது.

இன்னும் பின்னோக்கிப் போனால் 'மயான காண்டம்' இருக்கிறது. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்த அந்த இசை நாடகத்தை விடிய விடியப் பார்த்த தலைமுறை இன்றும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. இறந்த பிள்ளையின் உடலோடு ஒரு பெண் மயானத்துக்கு வருகிறாள். அங்கே நிற்கும் காவலாளி சட்டம் பேசுகிறான். அன்ரிகனியின் கதைக்கு இதைவிடக் கிட்டிய உறவு வேறு எது?

ஐந்து செயற்றிட்டங்கள்

ஒரு நல்ல செயற்றிட்டத்துக்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு. அதைச் செய்யும் மாணவர், நாடகத்தில் ஒருவர் எடுத்த முடிவின் முன்னால் தானும் நிற்கவேண்டி வருகிறதா? வரும் என்றால் அது படிப்பு. கீழே உள்ள ஐந்தும் அந்தச் சோதனையை மனதில் வைத்தவை. செலவு அதிகமில்லை; கடதாசியும் ஒரு கைப்பேசியும் போதும்.

1. காவலாளியின் வாக்குமூலம்

நாடகத்தில் ஒரு காவலாளி வருகிறான். உடலில் மண் தூவப்பட்டிருக்கிறது என்ற செய்தியை யார் போய் அரசனிடம் சொல்வது என்று காவலாளிகள் திருவுளச்சீட்டுப் போட்டிருக்கிறார்கள். சீட்டு இவனுக்கு விழுந்துவிட்டது. நடுங்கிக்கொண்டு, சுற்றிவளைத்துப் பேசி, பார்ப்பவரைச் சிரிக்கவும் வைக்கிறான்.

மாணவர்கள் ஐந்து பேராகப் பிரிந்து அந்த இரவை நடித்துப் பார்க்கலாம். உண்மையாகவே சீட்டுக் குலுக்கவேண்டும். சீட்டு விழுந்தவர், பொலிஸ் நிலையத்தில் எழுதும் வாக்குமூலத்தின் வடிவில் நடந்ததை எழுதவேண்டும்: பெயர், வயது, தொழில், எத்தனை மணிக்கு என்ன கண்டேன். பிறகு அவரிடம் ஒரு கேள்வி. இரண்டாம் தரம் அந்தப் பெண்ணைக் கண்டபோது, காணாததுபோல் இருந்திருக்கலாமே? 

இந்தக் காவலாளி கொடியவன் இல்லை. அவளைப் பிடித்துக் கொடுப்பது அவனுக்கு வருத்தம்தான். ஆனால், தன் தலை தப்பியது பெரிய நிம்மதி. அநியாயமான ஓர் ஆணை இப்படிப்பட்ட சாதாரண மனிதர்களின் கைகள் வழியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. அதைச் சீட்டு விழுந்த மாணவர் தன் உடம்பிலேயே உணர்ந்துகொள்வார்.

2. கிரியோனின் வர்த்தமானி

ஒரு குழு கிரியோனின் ஆணையை அரச வர்த்தமானியின் மொழியில் எழுதட்டும். இரண்டாவது குழு அதை ஆதரித்து ஒரு பத்திரிகை ஆசிரியர் தலையங்கம் எழுதட்டும். மூன்றாவது குழு குடும்பத்தின் சார்பில் நீதிமன்றத்துக்கு மனு எழுதட்டும். ஒரு நிபந்தனை உண்டு. தலையங்கம் எழுதும் குழு கிரியோனின் மிகச் சிறந்த நியாயத்தைச் சொல்லவேண்டும். நகரம் நேற்றுத்தான் போரிலிருந்து மீண்டிருக்கிறது; தாக்க வந்தவனையும் காத்தவனையும் ஒரே மாதிரி நடத்தினால் நாளை யார் நகரத்தைக் காப்பார்? இது பலவீனமான வாதம் இல்லை. ஜேர்மன் தத்துவஞானி ஹெகல் இந்த நாடகத்தில் கண்டது, தம்மளவில் நியாயமுடைய இரண்டு பக்கங்களின் மோதலை.

இந்தச் செயற்றிட்டத்துக்கு எங்கள் நாட்டிலேயே ஓர் உதாரணம் கிடைக்கிறது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி, கொரோனாத் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. புதைக்க அனுமதி கேட்ட முஸ்லிம் குடும்பங்களின் விருப்பத்துக்கு மாறாக உடல்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது. புதைத்தாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் பத்து மாதங்களுக்கு மேல் அது நீடித்தது. மாணவர்கள் தாங்கள் எழுதிய கிரியோனின் ஆணைக்கு அருகில் இந்த நிகழ்வை வைத்துப் பேசலாம். ஓர் ஆணைக்கு எப்போதும் ஒரு காரணம் சொல்லப்படும் என்பதையும், அந்தக் காரணத்தை எப்படிச் சோதிப்பது என்பதையும் அங்கே கற்கலாம்.

3. மயானத்தில் இரண்டு பெண்கள்

'மயான காண்ட'த்தில் சந்திரமதி, பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சுடலைக்கு வருகிறாள். அங்கே காவல் நிற்பவன் அவளுடைய கணவன் அரிச்சந்திரனேதான். எசமானுக்குச் சேரவேண்டிய கால் பணமும் முழத்துண்டும் தராமல் எரிக்கவிடமாட்டேன் என்கிறான். இறந்தது தன் பிள்ளை என்று தெரிந்த பிறகும் அவன் கடமை தவறவில்லை. அந்த உறுதியை எங்கள் மரபு சத்தியம் என்று கொண்டாடுகிறது.

அன்ரிகனியும் சந்திரமதியும் ஒரே மயானத்தில் சந்தித்தால் என்ன பேசிக்கொள்வார்கள்? பத்து நிமிடக் காட்சியாக மாணவர்கள் எழுதி நடிக்கலாம். அரிச்சந்திரனையும் கிரியோனையும் பக்கத்தில் நிறுத்தலாம். ஒருவன் சட்டத்துக்காகத் தன் பிள்ளையின் ஈமத்தையே தடுக்கிறான், போற்றப்படுகிறான். மற்றவன் சட்டத்துக்காக மருமகனின் ஈமத்தைத் தடுக்கிறான், அழிகிறான். வித்தியாசம் எங்கே இருக்கிறது? அரிச்சந்திரன் தன் கையால் தானே வதைபடுகிறான், கிரியோன் பிறரை வதைக்கிறான் என்று ஒரு மாணவர் சொல்லலாம். சந்திரமதியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை என்று இன்னொருவர் மறுக்கலாம். இரண்டு நாடகத்தையும் வாசித்தவரால் மட்டுமே இந்த வாதத்துக்குள் நுழையமுடியும். வீட்டில் அம்மப்பாவோ அப்பம்மாவோ 'மயான காண்டம்' பார்த்தவராக இருந்தால் அவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பாடியே காட்டுவார்கள்.

4. கோரஸும் ஒப்பாரியும்

'அன்ரிகனி'யின் கோரஸ் நகரத்து முதியவர்கள் பதினைந்து பேர். ஆரம்பத்தில் அரசனுக்குத் தலையாட்டுகிறார்கள், பிறகு தடுமாறுகிறார்கள், கடைசியில்தான் அவனிடம் உண்மையைச் சொல்கிறார்கள். இந்த மாற்றத்தை வகுப்பறையில் கேட்கவைக்கலாம். கோரஸின் பகுதிகளை மாணவர்கள் தங்கள் பேச்சுத்தமிழில் சுருக்கி எழுதி, கூத்தில் பிற்பாட்டுப் பாடுவதுபோலச் சேர்ந்து சொல்லிப் பார்க்கட்டும். எந்த இடத்தில் குரல் ஒன்றாக இருக்கிறது, எந்த இடத்தில் பிரிகிறது என்பதை முடிவுசெய்ய அவர்கள் பிரதியைப் பலதரம் படிக்கவேண்டி வரும்.

இதன் இரண்டாம் பகுதி வீட்டுக்கும் ஊருக்கும் போகிறது. ஒப்பாரி பாடத் தெரிந்த மூத்த பெண்களிடம் அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யலாம். செத்தவீட்டில் யார் முதலில் பாடுவார், என்ன உறவுக்கு என்ன வரும், எட்டுச்செலவுக்கும் கீரிமலையில் செய்யும் அந்தியேட்டிக்கும் இடையில் வீடு எப்படி மாறும் என்று கேட்கலாம். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் இவற்றையெல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்ற கேள்வியைச் சொல்ல விரும்புபவரிடம் மட்டும் கேட்கவேண்டும். ஒரு சடங்கு தடைப்படும்போது உள்ளே என்ன உடைகிறது என்பதை அன்ரிகனியின் பிடிவாதம் காட்டுகிறது. அதற்கு உரை எழுதக்கூடியவர்கள் எங்கள் அம்மம்மாக்கள்தான்.

5. இஸ்மினியின் கடிதம்

நாடகத்தின் முடிவில் இஸ்மினிக்கு என்ன நடந்தது என்று சொபோக்கிளிஸ் சொல்லவில்லை. அவள் இறக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பெற்றோர் இல்லை, இரண்டு சகோதரர்கள் இல்லை, அக்காவும் இல்லை. முதலாவது ஆண்டுத் திவசத்தன்று இஸ்மினி அக்காவுக்கு எழுதும் கடிதத்தை ஒவ்வொரு மாணவரும் தனியாக எழுதட்டும்.

வகுப்பில் எல்லோரும் அன்ரிகனியாக நடிக்க ஆசைப்படுவார்கள். ஆனால், போருக்குப் பிறகு உயிரோடிருக்கும் பெரும்பாலானவர்கள் இஸ்மினிகள். பயந்தவர்கள், விலகி நின்றவர்கள், பிள்ளைகளைக் காப்பாற்ற வாய்மூடி இருந்தவர்கள், கடைசியில் நானும் வருகிறேன் என்று சொல்லியும் பிந்திப்போனவர்கள். அவளைக் கோழை என்று ஒதுக்காமல் வாசிக்கப் பழகும் மாணவர், வீட்டில் எதுவும் பேசாமல் இருக்கும் ஒரு பெரியவரையும் வேறு கண்ணால் பார்க்கக்கூடும்.

எங்கே கவனம் வேண்டும்

முதலாவது எச்சரிக்கை முக்கியமானது. இந்த நாடகத்தைச் சாட்டாக வைத்து எந்தப் பிள்ளையையும் தன் வீட்டுக் கதையைச் சொல்ல வற்புறுத்தக்கூடாது. இன்று உயர்தர வகுப்பில் இருப்பவர்கள் போரின் இறுதிக் கட்டத்தில் கைக்குழந்தைகள், அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள். அவர்களுக்குப் போர் பெரும்பாலும் வீட்டின் மௌனமாகவே தெரியும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் மனவடு பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவந்தது, அது தனியொருவரில் தொடங்கி குடும்பத்தையும் சமூகத்தையும் பாதிக்கும் என்பதைத்தான். கிரேக்க நடிகர் முகமூடி அணிந்தார். எங்கள் மாணவருக்கு அன்ரிகனியின் பெயரே முகமூடி. அதற்குப் பின்னால் நின்று அவர் எவ்வளவு சொல்ல விரும்புகிறாரோ அவ்வளவு போதும். யாராவது கலங்கினால் நிறுத்துவதற்கும், தேவைப்பட்டால் ஆலோசனை ஆசிரியரிடம் அழைத்துப்போவதற்கும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கவேண்டும்.

இரண்டாவது, நாடகம் எங்கள் நிலைமையோடு பொருந்தாத இடத்தை மறைக்கக்கூடாது. அன்ரிகனிக்கு அண்ணனின் உடல் எங்கே கிடக்கிறது என்று தெரியும். காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு அது தெரியாது. இறந்த திகதி தெரியாததால் திதி இல்லை, திதி இல்லாததால் திவசமும் இல்லை. செய்தால், உயிரோடு இருக்கக்கூடிய பிள்ளைக்குக் கொள்ளி வைத்ததாகிவிடுமோ என்ற பயம். அமெரிக்க உளவியலாளர் போலின் பொஸ் இதை முடிவு தெரியாத இழப்பு என்ற வகையில் விளக்கினார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்த தாய்மார்களின் போராட்டம் இதிலிருந்துதான் வருகிறது. நாடகம் எங்கே போதாமல் போகிறது என்று எழுதச் சொல்வதும் ஒரு நல்ல செயற்றிட்டமே.

மூன்றாவது, கிரியோனை ஒரே முகமாக்கிவிடும் ஆசை. எங்களைப் பொறுத்தவரை அந்த முகத்தைத் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. துயிலுமில்லங்கள் தரைமட்டமாக்கப்பட்டன, கோப்பாயில் அது இருந்த இடத்தில் 2011 இல் இராணுவத் தலைமையகம் எழுந்தது. 2021 ஜனவரி 8 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்களின் உண்ணாவிரதத்தின் பின்னர் அதே ஆண்டில் அது மீண்டும் எழுந்தது. இவற்றைச் சொல்லாமல் இங்கே அன்ரிகனியைப் படிக்கமுடியாது.

ஆனால், அங்கேயே நின்றுவிட்டால் நாடகத்தின் பாதியைத்தான் படித்தவர்களாவோம். 1980களில் இதே குடாநாட்டில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களும் இருந்தார்கள். துரோகி என்று எழுதிய அட்டையோடு அவர்களின் உடல்கள் ஊருக்குப் பாடமாக விடப்பட்டன. இயக்கங்களுக்கிடையிலான மோதல்களில் கொல்லப்பட்டவர்களுக்காக வாய்விட்டு அழமுடியாத வீடுகள் இருந்தன. சில வீடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. தெற்கில் 1987க்கும் 1989க்கும் இடையில் வீதியோரம் எரிந்த சிங்கள இளைஞர்களின் தாய்மாரும் இதே துயரோடுதான் நின்றார்கள். எந்த இறந்தவருக்காக அழலாம் என்று ஒருவர் தீர்மானிக்கும் இடமெல்லாம் கிரியோனின் இடம்தான். எங்களுக்குள்ளும் அந்த இடம் இருந்தது என்று ஒப்புக்கொள்ளும் வகுப்பறையில்தான் அன்ரிகனியின் குரல் முழுதாகக் கேட்கும்.

மற்றவர்கள் செய்தது

இப்படிப் படிப்பவர்கள் நாங்கள் மட்டுமல்ல. தென்னாபிரிக்காவின் றொபன் தீவுச் சிறையில் கைதிகள் 'அன்ரிகனி'யை நடித்தபோது நெல்சன் மண்டேலா ஏற்ற பாத்திரம் கிரியோன். அநியாயச் சட்டத்தால் அடைக்கப்பட்ட ஒருவர் சட்டம் போடுபவனின் உடுப்பைப் போட்டுப் பார்த்தது யோசிக்கவேண்டிய விடயம். அத்தோல் ஃபுகார்ட், ஜோன் கானி, வின்ஸ்டன் இன்ற்ஷோனா மூவரும் சேர்ந்து உருவாக்கி 1973 இல் மேடையேற்றிய 'தீவு' நாடகத்தில், இரண்டு கைதிகள் இதே நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். 1944 இல் ஜேர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிஸில் ஜான் அனுய் தன்னுடைய 'அன்ரிகனி'யை அரங்கேற்றினார். 2013 இல் ஜோர்தானில் அகதிகளாக இருந்த சிரியப் பெண்கள், யூரிப்பிடிஸின் 'ட்ரோஜன் பெண்கள்' நாடகத்தோடு தங்கள் கதைகளையும் சேர்த்து நடித்தார்கள். அதே நாடகத்தைத் தர்மசிறி பண்டாரநாயக்க சிங்களத்தில் மேடைக்குக் கொண்டுவந்தபோது எங்கள் நாட்டில் போர் ஓய்ந்திருக்கவில்லை. இவர்களில் எவரும் கிரேக்க நாடகத்தை அரும்பொருளாகப் பார்க்கவில்லை.

புள்ளி எப்படிப் போடுவது

பரீட்சையை மறந்துவிடுங்கள் என்று சொல்வது நேர்மையாகாது. பிள்ளைகளின் பல்கலைக்கழக அனுமதி அதில்தான் தங்கியிருக்கிறது. இந்தச் செயற்றிட்டங்கள் பரீட்சைக்கு எதிரானவையும் இல்லை. கோரஸின் குரலை ஒருமுறை சுமந்தவர் அதன் பணிகளைப் பட்டியலிட மனனம் செய்யத் தேவையில்லை.

மதிப்பிடும்போது நான்கு கேள்விகள் போதும். பிரதியின் எந்த இடத்திலிருந்து இது பிறந்தது என்று மாணவரால் காட்டமுடிகிறதா? தனக்கு உடன்பாடில்லாத பாத்திரத்தின் நியாயத்தை அவரால் சொல்லமுடிகிறதா? செய்வதற்கு முன்னர் இருந்த கருத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா? தகவல் தந்த பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, அவர்களுக்குத் திரும்பவும் காட்டினாரா? அழகான அட்டைக்கும் வாடகை உடுப்புக்கும் புள்ளி வேண்டாம். அப்படிப் போட்டால் காசுள்ள பிள்ளை முன்னுக்கு நிற்கும்.

ஈழத்து நாடக நூல்கள் பலவற்றை நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். கிரேக்கப் பிரதியோடு எங்கள் பிரதி ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுமே துலங்கும்.

கடைசியாக, வகுப்பில் விவாதிக்கச் சில நிமிடங்கள் ஒதுக்கவேண்டிய ஒரு கட்டம் இருக்கிறது. மனம் மாறிய கிரியோன் முதலில் உடலை அடக்கம் செய்யப் போனான், பிறகுதான் குகைக்குப் போனான். உயிரோடிருந்தவளிடம் முதலில் போயிருந்தால் மூன்று உயிர்கள் மிஞ்சியிருக்கலாம். அவன் செய்தது சரியானவைதான், காலம்தான் பிந்திவிட்டது. எங்கள் ஊர்களில் பதிலுக்காகக் காத்திருந்த பெற்றோர் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் வயது ஏறுகிறது. நீதி கிடைக்குமா என்ற கேள்வியோடு, எப்போது, யார் உயிரோடு இருக்கும்போது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. பதினெட்டு வயதுப் பிள்ளையொன்று இந்த நாடகத்தைப் படித்துவிட்டு அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கினால், அது பாடத்தைப் படித்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.